ஆறு யாருக்கு?

மலைநாட்டு ஆறுகளைப் பாதுகாப்பது பற்றிக் கண்டியில் அண்மையில் நடைபெற்ற ஒரு கூட்டத்திற்கு நாமும் சென்றிருந்தோம். உயர் வகுப்பு மாணவர் சிலரையும் உடன் அழைத்துச் சென்றோம். மகாவலியின் கரையில் வாழ்ந்து, அதன் நீரைக் குடித்து, அதன் கிளையோடைகளைப் பள்ளிக்கூடச் சன்னல் வழியே நாள்தோறும் பார்த்துப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டம் வேறு ஏது?

மேடையில் எழுந்த கனவான் ஒருவர் மிக அழகாகப் பேசினார். மலையின் குளிர்நீர் ஓடைகள் சீர்கெட்டு வருகின்றன. ஒருகாலத்தில் நுவரெலியா ஓடைகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் துள்ளி விளையாடிய ட்ரௌட் மீன் அருகிவிட்டது. மீண்டும் குஞ்சுகளை விட்டு, கரைகளைக் காவலுக்கு உட்படுத்தி, உரிமச்சீட்டுப் பெற்றவர் மட்டுமே தூண்டிலிடலாம் என்று விதி செய்தால் மீனும் வாழும், பயணிகளும் வருவர், நாட்டுக்கு டொலரும் சேரும் என்றார். கரையோரத்து மக்களை ஆற்றைவிட்டு விலக்கி வைக்காதவரை எந்தத் திட்டமும் வெற்றி பெறாது என்று முடித்தார். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது.

நம்முடன் வந்த மாணவன் ஒருவன் கைதட்டவில்லை. அவன் கரையோரத்து மக்களில் ஒருவன். சென்ற ஆண்டு விடுமுறையில் மூங்கிற் கழியும் மண்புழுவுமாகத் தன் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடைக்குப் போனவனை ஒரு விடுதியின் காவலாளி விரட்டி, கழியையும் முறித்துப் போட்டான். அன்று அவன் பிடித்திருந்தவை விரல் நீள மீன்கள் நான்கு. கூட்டம் முடிந்து பஸ் நிலையத்தை நோக்கி நடக்கையில் அவன் கேட்டான்: "சேர், ஆத்தையும் வித்துட்டாங்களா?"

அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் நேர்மையாக எடுத்துரைப்போம். குளிர்நீர் ஓடைகள் சீர்கெடுகின்றன என்பது உண்மை. தூண்டிற்காரர் ஆற்றைக் கூர்ந்து நோக்குகிறவர் என்பதும் உண்மை. ட்ரௌட் மீன் தெளிந்த, குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீரையே நாடும். நீர் சூடேறினாலும் சேறுபட்டாலும் அது முதலில் துன்புறும். ஆகவே அம்மீனை நேசிப்பவன் கரையில் நிழல் வேண்டும் என்பான், மேலே காடு வேண்டும் என்பான், நீரில் நஞ்சு கலக்கக் கூடாது என்பான். இவற்றில் எதனுடனும் நமக்குப் பிணக்கில்லை. பிணக்கு வேறிடத்தில் இருக்கிறது. ஆற்றைக் காப்பது எதற்காக, யாருக்காக என்ற இடத்தில் இருக்கிறது.

ட்ரௌட் மீன் இம்மலைக்கு வந்த கதையைச் சற்று நினைவுகூர்வோம். அது இலங்கையின் மீன் அன்று. பழுப்பு ட்ரௌட் ஐரோப்பாவினது. வானவில் ட்ரௌட் வட அமெரிக்காவின் பசிபிக் கரையினது. 1882 ஆம் ஆண்டளவில் பழுப்பு ட்ரௌட் மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் வானவில் ட்ரௌட் பின்தொடர்ந்தது. 1896 இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. நுவரெலியாவில் பொரிப்பகம் அமைந்தது. துரைமாரின் ஓய்வுநாட்களுக்கென ஓடைகள் தோறும் குஞ்சுகள் விடப்பட்டன. இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையுமன்று. 1864 இல் ட்ரௌட் முட்டைகள் பனிக்கட்டியிற் பொதியப்பட்டு இங்கிலாந்திலிருந்து தாஸ்மேனியா சென்றன. 1900 இல் காஷ்மீர ஓடைகளில் அம்மீன் இடம்பெற்றது. நீலகிரியிலோ வேட்டை விலங்குகளையும் மீனையும் காப்பதற்கென்றே 1879 இல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஏகாதிபத்தியக் கொடி பறந்த குளிர்மலைகள் பலவற்றில் அதன் பின்னாலேயே இந்த மீனும் நீந்திச் சென்றது.

அக்காலத்தில் இம்மலையில் மனிதர்கள் எப்படி இருந்தார்கள்? 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டவியலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த கண்டிய விவசாயியின் மலை, கோப்பித் தோட்டமாயிற்று. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1867 இலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் அதற்கு வித்திட்டிருந்தார். ட்ரௌட் முட்டைகள் பத்திரமாக மலையேறிய அந்த 1880 களில், அதே நுவரெலியா மாவட்டத்து வலப்பனையில், தானிய வரி செலுத்தவியலாத சிங்கள விவசாயிகளின் வயல்கள் அரசினால் விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. வயலிழந்த குடும்பங்கள் பசியால் மடிந்தன. 1892 இல்தான் அவ்வரி ஒழிக்கப்பட்டது.

தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே வீழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். முட்டைக்குப் பனிக்கட்டி கிடைத்தது. மனிதனுக்கு நிழற்குடிலும் அரிதாயிருந்தது. மீனுக்குப் பருவம் குறித்தார்கள், அளவு குறித்தார்கள், காவலர் வைத்தார்கள். மனிதனுக்கோ பற்றுச்சீட்டும் பிரட்டுக்களமும் கங்காணியின் கணக்குப் புத்தகமும் தான் கிடைத்தன. 1948 இல் சுதந்திர இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம், இம்மலையில் மூன்று தலைமுறை உழைத்த மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் இரு பிரதமர்கள் கூடி அவர்களை 525,000 அங்கே, 300,000 இங்கே என்று எண்ணிப் பங்கிட்டார்கள். எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு ஏறத்தாழத் தீர்ந்தது. கடல் கடந்து வந்த மீன் ஒன்று மலையோடையில் கேட்பாரின்றிக் குடியுரிமை பெற்ற அதே மலையில், கடல் கடந்து வந்த மனிதன் அதற்காக அரை நூற்றாண்டுக்கு மேல் காத்து நின்றான்.

இதைச் சொல்வதால் ட்ரௌட் அந்நிய மீன், ஆகவே அது பகை என்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ணவேண்டாம். அந்நியர் என்ற சொல்லின் காயத்தை முதுகிற் சுமந்த மக்கள் நாம். எங்கே பிறந்தாய் என்று கேட்டு ஓருயிரை விரட்டுவது நமது நியாயமாக இருக்க முடியாது. நாம் கேட்பன வேறு இரண்டு கேள்விகள். அது இங்கே வந்து என்ன செய்கிறது? அதனால் பயன் பெறுகிறவர் யார்?

முதற் கேள்விக்கு ஹோட்டன் சமவெளி விடை சொல்லும். கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றர் உயரத்தில் விரிந்து, மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தலையூற்றாக விளங்கும் அந்தப் புல்வெளி 1988 இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அதன் ஓடைகளில் ஒரு சிறு இறால் வாழ்கிறது. கரிடினா சிங்களென்சிஸ் என்பது விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர். இலங்கைக்கே உரியது, உலகில் வேறெங்கும் இல்லை. வானவில் ட்ரௌட் நிலைத்துப் பெருகியதும் இதே ஓடைகளில்தான். ட்ரௌட் ஊனுண்ணும் மீன். பூச்சியையும் இறாலையும் சிறு மீனையும் வேட்டையாடி வளர்வது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் அறிஞர்கள் தொகுத்த, உலகின் மிகக் கொடிய நூறு ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் பழுப்பு ட்ரௌட்டும் உண்டு, வானவில் ட்ரௌட்டும் உண்டு. மரபுரிமை என்று உலகமே ஒப்பிய ஓடையில், அம்மரபுரிமையைத் தின்னும் மீனைக் காப்பதற்கு "பாதுகாப்பு" என்று பெயர் சூட்டுவது சொல்லுக்கே இழைக்கும் கொடுமையாகும்.

நண்பர் ஒருவர் இடைமறிக்கலாம்: அதே பட்டியலில் திலாப்பியாவும் இருக்கிறதே, அதை ஏன் கண்டிக்கவில்லை? நியாயமான கேள்வி. 1952 அளவில் இலங்கைக்கு வந்த ஆபிரிக்க மீன் அது. யப்பான் மீன் என்று நம்மவர் அழைப்பதும் அதனைத்தான். நம் குளத்து மீன்களுக்கு அதனால் தீங்கில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் வரண்ட வலயத்துக் குளக்கரைகளில் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் சட்டியை அது நிறைத்திருக்கிறது. அதன் தீமையோடு எடை போடுவதற்கு மறுதட்டில் ஒரு நன்மை இருக்கிறது. ட்ரௌட்டின் மறுதட்டில் இருப்பது என்ன? சிலருடைய ஒரு மாலைப்பொழுது. இரண்டாவது கேள்விக்கான விடையும் இதுவே.

இனி நம் சொந்த மீன்களைப் பார்ப்போம். மகாவலியின் மேற்பகுதியில், பாறை இடுக்குகளில் நீர் சீறிப் பாயும் இடங்களில், கடயா என்று சிங்களத்தில் வழங்கும் ஒரு கெண்டை வாழ்கிறது. 1917 இல்தான் விஞ்ஞான உலகம் அதற்குப் பெயரிட்டது. அதுவும் இலங்கைக்கே உரியது. அருகிவரும் இனமென்று அறிஞர்கள் எச்சரித்துள்ளனர். 1976 இல் பொல்கொல்லையிலும், 1980 களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை ஆகிய இடங்களிலும் அணைகள் எழுந்தன. அவற்றால் மின்சாரம் வந்தது, வயல்களுக்கு நீர் வந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேகநீர் தேங்குநீர் ஆயிற்று. பாறை இடுக்குகள் நீர்த்தேக்கத்தின் அடியில் மூழ்கின. கடயாவின் வீடு போயிற்று. பழைய தெல்தெனிய நகரத்து மக்களும் அதே நீருக்காகத் தம் வீடுகளை விட்டு மேட்டுக்கு ஏறினார்கள். அவர்களுக்கு நட்டஈடு என்ற பேச்சாவது இருந்தது. கடயாவுக்காக ஒரு கழகமும் கூடியதில்லை. ஒரு பொரிப்பகமும் அதற்கென எழவில்லை. ஏன்? பாறையிற் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் அந்த எளிய மீன், துரையின் செயற்கை ஈயைக் கவ்வித் துள்ளி வேடிக்கை காட்டாது.

கல்லோடு ஒட்டி வாழும் கல்பாண்டியா என்னும் மீனை மலையோரச் சிறுவர் அனைவரும் அறிவர். அதற்கும் கழகம் இல்லை. கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடையில் ஒரேயொரு சிற்றோடையில் வாழும் மீனொன்று 1991 இல்தான் விஞ்ஞானத்துக்கு அறிமுகமாயிற்று. கட்டைவிரல் அளவே வளரும் அம்மீன், இரப்பர்த் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே, கிராமத்து மக்களின் வாசலோரமாக வாழ்கிறது. அதைக் காக்க முயன்ற ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? மக்களை ஓடையிலிருந்து விரட்டவில்லை. உங்கள் ஓடையில் உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிர் இருக்கிறது என்று அம்மக்களிடமே போய்ச் சொன்னார்கள். பாதுகாப்பு என்பதற்கு நாம் அறிந்த பொருள் அதுதான்.

தூண்டிலுக்கு உகந்த சுதேச மீன் இல்லையா என்றால், உண்டு. லேஹெல்லா என்னும் பெருங்கெண்டை மகாவலியில் வாழ்கிறது. தூண்டிற்காரர் போற்றும் மஹ்சீர் குலத்தைச் சேர்ந்தது அது. அதன் பெயரால் கழகத்தார் குரல் கொடுப்பார்களாயின் நாமும் உடன் குரல் கொடுப்போம். ஆனால் அப்போதும் நமது நிபந்தனை ஒன்றுண்டு. மீனை ஆற்றின் குடியாகக் கருதிக் காக்கவேண்டுமே தவிர, விளையாட்டுப் பொருளாகக் கருதி வளர்க்கக் கூடாது.

இப்போது மூலக் குற்றச்சாட்டுக்கு வருவோம். ஆற்றைக் கெடுத்தவர் யார்? மூங்கிற் கழியோடு வந்த நம் மாணவனா?

தேயிலை ஓடையின் விளிம்புவரை நடப்பட்டது. கரையில் நிழல் தந்த காடு அகன்றது. மழை பெய்யும்போதெல்லாம் மலையின் மேல்மண் செந்நிறமாய் ஆற்றில் இறங்குகிறது. களைகொல்லியும் பூச்சிகொல்லியும் உரமும் அதனோடு கூடவே இறங்குகின்றன. நுவரெலியாவின் செங்குத்தான மரக்கறித் தோட்டங்களிலிருந்து வரும் நீரின் கதையும் அதுவே. சிறு நீர்மின் திட்டங்கள் பல ஓடைகளைக் குழாய்க்குள் அடைத்துவிட்டன. கோடையில் ஓடையின் படுகையில் கல்தான் எஞ்சுகிறது. தலவாக்கலையில் 2012 இல் மேல் கொத்மலைத் திட்டம் இயங்கத் தொடங்கியபின், சென் கிளயர் அருவியின் இயல்பான பெருக்கு அட்டவணைக்கு அடங்கிய நீராயிற்று. மணல் அள்ளுவோர் படுகையைக் குடைகின்றனர். கண்டி நகரிலேயே, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அமைத்த வாவியிலிருந்து புறப்படும் மெத எல, நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு மகாவலியிற் கலக்கிறது. அந்த மகாவலியின் நீரே பின்னர் நம் குழாய்களுக்கும் வந்து சேருகிறது.

இவற்றைச் செய்தவர்களில் கூலிக்காரனும் அவன் மகனும் எங்கே நிற்கிறார்கள்? களைகொல்லியைத் தெளிக்கச் சொன்னவர் தோட்ட நிருவாகம். அதைத் தெளித்துத் தன் நுரையீரலை இழந்தவன் தொழிலாளி. ஓடையோரத்து லயத்தில் கழிவறை முறையாக இல்லையென்றால், அதைக் கட்டித் தராதவரைக் கேட்கவேண்டும். ஆம், நம்மவரில் சிலர் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிக்கின்றனர். அதை நாம் மறைக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. ஒரு வெடியில் ஒரு மடுவே செத்துப்போகிறது. தாய் மீனும் முட்டையும் குஞ்சும் ஒன்றாய் மிதக்கின்றன. அது ஏழையின் நாளைய சோற்றை இன்றே எரிப்பதாகும். அதைச் சட்டத்தால் மட்டும் தடுக்க இயலாது. பசியைத் தணித்தும் அறிவைப் புகட்டியும் தடுக்கவேண்டும். அதுவும் நம் ஆசிரியர்களின் கடமையே. ஆனால் வெடி வைப்பவனையும் தூண்டிலிடும் சிறுவனையும் ஒரே தராசில் நிறுத்தி, இருவரையும் ஒரே வேலிக்கு அப்பால் தள்ளுவது நீதியன்று.

இன்று பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டுவிடுகிறோமே, இதைவிட அகிம்சை உண்டா என்கின்றனர் புதிய தலைமுறைத் தூண்டிற்காரர். உண்பதற்காகக் கொல்வதை மறுத்த அறநூல்கள் நம்மிடம் உண்டு. ஆனால் பசியில்லாமல், வேடிக்கைக்காக ஓருயிரின் வாயில் முள்ளைப் பாய்ச்சி, அது துடிக்கும் துடிப்பை அளந்து மகிழ்ந்து, படமெடுத்தபின் திரும்ப விடுவதை அகிம்சை என்று சொல்லும் துணிவு எந்த அறநூலுக்கும் வந்ததில்லை. நான்கு சிறு மீனைப் பிடித்துத் தாயிடம் கொடுக்கப் போன மாணவன் குற்றவாளி. நூறு மீனைக் குத்தி விட்டவர் இயற்கை நேயர்! இந்தத் தலைகீழ் நியாயம் எந்த வர்க்கத்தின் ஏட்டில் எழுதப்பட்டதென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

வருமானம் என்கிறார்கள். யாருடைய வருமானம்? விடுதியாரின் கணக்கில் டொலர் சேரும். தூண்டிலைச் சுமந்து பின்னே நடக்கும் வேலை ஊராருக்கு வரும். அதையும் நாம் இழிவென்று தள்ளவில்லை. ஆனால் அதற்கு விலையாகக் கேட்கப்படுவது ஓடையின் மீதுள்ள உரிமை என்றால், கொடுக்கல் வாங்கலை ஒருமுறை நிறுத்துப் பார்க்கவேண்டும். சூதில் வரும் வெற்றியின் ஆபத்தைச் சொல்ல வந்த வள்ளுவர், உவமைக்குத் தேர்ந்தது தூண்டிலை விழுங்கும் மீனைத்தான். இரையை மட்டும் பார்க்கிற மீனுக்கு முள் தெரிவதில்லை. மலைநாட்டு மக்களும் அந்த மீனைப் போல் ஆகிவிடக் கூடாது.

ஆதலால் நமது கோரிக்கைகள் இவை. முதலாவதாக, ஹோட்டன் சமவெளியிலோ வேறெந்தத் தலையூற்று ஓடையிலோ இனி ஒரு ட்ரௌட் குஞ்சும் விடப்படலாகாது. ஏற்கெனவே இருப்பனவற்றை என்ன செய்வதென்பதை, கழகங்களின் விருப்பமல்ல, ஆய்வே தீர்மானிக்கவேண்டும். இரண்டாவதாக, கடயாவும் கல்பாண்டியாவும் லேஹெல்லாவும் வாழும் பாறைப்பகுதிகளைக் கண்டறிந்து, அங்கே மணலள்ளுவதும் நீரைத் திருப்புவதும் தடுக்கப்படவேண்டும். மூன்றாவதாக, தோட்டங்களின் ஓடைக்கரைகளில் மீண்டும் மரம் வளர்க்கப்படவேண்டும். அதன் செலவு தோட்டத்தைச் சேர்ந்தது, தொழிலாளியின் சம்பளத்தைச் சேர்ந்ததன்று. நான்காவதாக, லயங்களுக்குக் குடிநீரும் கழிவறையும் தரப்படவேண்டும். நகரத்தின் கழிவு சுத்திகரிக்கப்படாமல் மெத எலயில் விழலாகாது. ஐந்தாவதாக, ஓடையைக் காக்கும் எந்தக் குழுவிலும் கரையில் வாழ்கிறவர்களே, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும், பெரும்பான்மையினராக அமரவேண்டும். தூண்டிற்காரரும் வரட்டும், அவருடைய கூர்ந்த கண் நமக்கு வேண்டும். தலைமை நாற்காலி மட்டும் அவருக்கு வேண்டாம்.

வயலிழந்த வலப்பனை விவசாயியின் பேரனும், நாடிழந்த தோட்டத் தொழிலாளியின் பேரனும் இன்று ஒரே ஓடையின் இரு கரைகளில் நிற்கிறார்கள். அவர்களை ஒருவருக்கொருவர் அந்நியர் என்று சொல்லிச் சொல்லியே மலையையும் நிலத்தையும் கொண்டுபோனார்கள். ஆற்றையும் அவ்வாறே கொண்டுபோக விடலாகாது. இரு கரையும் கைகோத்தால் ஒழிய ஓர் ஆறும் பிழைக்காது.

நம் மாணவனின் கேள்விக்குக் கூட்டத்தன்று நாம் விடை சொல்லவில்லை. அடுத்த நாள் வகுப்பில் சொன்னோம். ஆற்றை இன்னும் எவரும் விற்கவில்லை, தம்பி, விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேரம் முடியுமுன் நாம் கரைக்குப் போய்ச் சேரவேண்டும்.